மெதுவான மணல் வடிகட்டலும் தீவகத்துக் குடிநீரும்

ஊர்காவற்றுறையை அடுத்துள்ள சுருவில், வேலணைத் தீவின் கிராமங்களுள் ஒன்று. கரம்பொன், நாரந்தனை, சரவணை முதலிய அயற்கிராமங்களைப் போலவே இதுவும் பனையும் கடலும் சூழ்ந்த ஊர். நாற்புறமும் நீரிருக்க, நாவை நனைக்கும் நன்னீருக்காகக் குடத்துடன் நெடுந்தூரம் நடத்தல் தீவக மக்களின் பழைய அநுபவம். தீவகத்தின் பல கிராமங்களுக்குக் குடிநீர் பவுசர் வண்டிகளிலே கொண்டு செல்லப்பட்டு வந்துள்ளது. வண்டி வராத நாளில் அவ்வூர்ப் பெண்கள் எதனைக் குடத்தில் முகப்பது என்பதே இக்கட்டுரை எழுதத் தூண்டிய வினாவாகும். மாரியில் நிறையும் குளத்து நீரையும் கூரை நீரையும் குடிப்பதற்கேற்றதாக ஆக்கவல்ல எளிய முறையொன்று உண்டு. மெதுவான மணல் வடிகட்டல் எனப்படும் அம்முறையின் இயல்பையும், அது செய்யக்கூடியது, செய்யமாட்டாதது ஆகிய இரண்டையும் ஈண்டு ஆராய்வோமாக.

தெளிவும் தூய்மையும்

கலங்கல் நீரைத் தெளிவிக்கும் வித்தையை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். தேற்றாங்கொட்டையை மட்பாண்டத்தின் உட்புறத்தில் தேய்த்து நீரை ஊற்றினால், சேறு அடியிற் படிந்து நீர் தெளியும். இச்செயலைக் கலித்தொகை உவமையாகவே எடுத்தாளுகின்றது. ஆயின், தெளிவு வேறு, தூய்மை வேறு. பளிங்குபோல் தெளிந்த நீரிலும் வாந்திபேதி, நெருப்புக் காய்ச்சல், வயிற்றோட்டம் ஆகியவற்றின் கிருமிகள் இருத்தல் கூடும். இவ்வேறுபாட்டை உலகம் உணர்வதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் வேண்டியிருந்தது.

1804ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் பெய்ஸ்லி நகரில் துணி வெளுக்கும் தொழில் நடத்திய ஜோன் கிப் என்பவர், தம் தொழிலுக்காக மணலில் நீரை வடித்து, எஞ்சியதை நகர மக்களுக்கு விற்றார். 1829இல் ஜேம்ஸ் சிம்சன் என்னும் பொறியியலாளர் இலண்டனில் தேம்ஸ் நதி நீரை வடிப்பதற்குப் பெரிய மணற்படுகை அமைத்தார். 1852ஆம் ஆண்டுச் சட்டம் இலண்டன் மாநகர நீர்க் கம்பனிகள் நதிநீரை வடித்தே வழங்கவேண்டுமென விதித்தது. இவர்கள் யாவரும் நாடியது தெளிந்த நீரையே. கிருமி என்னும் எண்ணம் அக்காலத்தில் வேரூன்றவில்லை.

மணலின் உண்மையான ஆற்றல் வெளிப்பட்டது 1892இலேயாம். ஜேர்மனியில் எல்ப் நதிக்கரையில் ஹம்பேர்க், அல்தொனா என்னும் இரு நகரங்கள் ஒட்டியிருந்தன. ஹம்பேர்க் நகரம் நதியின் மேற்பகுதியிலிருந்து நீரை வடியாமலே எடுத்தது. அல்தொனாவோ ஹம்பேர்க்கின் கழிவு கலந்த கீழ்ப்பகுதி நீரை எடுத்து, மணலில் மெதுவாக வடித்து வழங்கியது. அவ்வாண்டு வாந்திபேதி பரவியபோது ஹம்பேர்க்கில் 8,600 பேருக்கு மேல் மாண்டனர். அல்தொனா பெரும்பாலும் தப்பியது. இரு நகரும் சந்திக்கும் எல்லையிலே, காற்றும் மண்ணும் ஒன்றாயிருக்க, குழாய்நீர் ஒன்றே வேறுபட்ட வீடுகளில், ஒரு பக்கம் நோயும் மறுபக்கம் நலமும் காணப்பட்டன. கிருமியியல் அறிஞர் றொபேட் கொக் இதனை ஆராய்ந்து வெளியிட்டார்.

அல்தொனாவின் கதை அத்துடன் முடியவில்லை. 1893இன் குளிர்காலத்தில் உறைபனியால் அங்குள்ள வடிதாங்கியொன்றின் ஒழுங்கு குலைந்தது. உடனே வாந்திபேதி அந்நகரிலும் தலைகாட்டியது. ஆகவே கொக் சில விதிகளை வகுத்தார். வடியும் வேகம் மணிக்கு 100 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது. ஒவ்வொரு தாங்கியின் நீரையும் நாள்தோறும் தனித்தனி சோதிக்க வேண்டும். ஒரு கன சென்ரிமீற்றரில் நூற்றுக்கு மேற்பட்ட நுண்ணுயிர்கள் காணப்படின் அந்நீரை வழங்கலாகாது. மணல் காக்கும், ஆனால் மணலைக் காப்பவன் வேண்டும் என்பதே இவ்விதிகளின் சாரம்.

நமக்கு அண்மையில், சென்னை நகருக்கு 1872இல் செங்குன்றம் ஏரியிலிருந்து கீழ்ப்பாக்கத்துக்கு நீர் கொண்டுவரப்பட்டது. நாற்பதாண்டுக்கு மேலாக அந்நீர் வடிக்கப்படாமலே நகரத்தாருக்கு வழங்கப்பட்டு, 1914இலேயே கீழ்ப்பாக்கத்தில் மெதுமணல் வடிதாங்கிகள் அமைந்தன.

மணல் எவ்வாறு தூய்மை செய்கின்றது?

வடிதாளை மடித்துப் புனலில் வைத்து மணலையும் உப்புநீரையும் பிரிக்கும் பரிசோதனையை மாணவர் அறிவர். ஆனால் மெதுமணல் வடிதாங்கியை வெறும் சல்லடை என்று கொள்ளுதல் தவறு. மணற்பருக்கைகளின் இடைவெளிகள் பற்றீரியாவின் பருமனிலும் பன்மடங்கு பெரியவை. சல்லடையாக மட்டும் இருப்பின் கிருமிகள் எளிதிற் புகுந்து போய்விடும்.

நடப்பது வேறு. நீர் மெதுவாக இறங்க, சில வாரங்களில் மணலின் மேற்பரப்பில் வழுவழுப்பான மெல்லிய படலமொன்று உண்டாகின்றது. அல்கா, பற்றீரியா, புரோட்டோசோவா முதலிய எண்ணிறந்த சிற்றுயிர்கள் இதிலே குடிகொண்டு, நீரில் வரும் சேதனப் பொருள்களையும் நோய்க்கிருமிகளையும் உண்கின்றன. படலத்தைத் தப்பிக் கீழே செல்பவை மணற்பருக்கைகளில் ஒட்டிக்கொள்கின்றன. அங்கும் இரையாகின்றன, அன்றேல் உணவின்றி மடிகின்றன. ஒரு கன மீற்றர் நுண்மணலின் பருக்கைகள் அனைத்தின் மேற்பரப்பையும் கூட்டினால் ஏறக்குறைய 15,000 சதுர மீற்றராகும். நம் ஊர்க் கணக்கில் அஃது அறுபது பரப்புக் காணிக்குச் சமம். இத்துணைப் பரந்த நிலத்தில் வேலை செய்யும் உயிர்களே நம் வேலையாட்கள். நன்கு முதிர்ந்த தாங்கி நூற்றுக்குத் தொண்ணூறு முதல் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேலான பற்றீரியாவை நீக்க வல்லது.

இதிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படும். ஒன்று, புதிய தாங்கியின் நீரை முதல்நாளே நம்பலாகாது. படலம் முதிரச் சில வாரங்கள் செல்லும். இரண்டு, அவ்வுயிர்கள் சுவாசிக்க ஒட்சிசனும் வாழ ஈரமும் வேண்டுமாதலின், நீரோட்டத்தைப் பல மணிநேரம் நிறுத்துதலும் மணலை உலரவிடுதலும் தீமை பயக்கும். மூன்று, குளோரினை வடித்தபின் சேர்க்கலாமேயன்றி, வடிக்குமுன் சேர்த்தல் நம் வேலையாட்களை நாமே கொல்வதாகும்.

அமைக்கும் முறை

தாங்கியின் அடியில் வடிநீர் சேரும் துளைக்குழாய் அல்லது இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல். அதன்மேற் பெரிய கல் முதற் சிறிய கல் வரை படிப்படியாகச் சல்லிப்படை. அதன்மேல் ஏறக்குறைய ஒரு மீற்றர் ஆழத்துக்கு நுண்மணல். மணலின்மேல் ஒரு மீற்றர் வரை நிற்கும் நீர். இவையே உறுப்புகள். வெளிவரும் குழாயின் வாயை மணலின் மேன்மட்டத்துக்குச் சற்று மேலே உயர்த்தி வைத்தல் வேண்டும். அப்போதுதான், உள்ளே நீர் வருவது நின்றாலும் மணல் ஒருபோதும் உலராது.

மணலைத் தெரிவதிலே மிகுந்த கவனம் வேண்டும். பருக்கையின் அளவு பொதுவாக 0.15 முதல் 0.35 மில்லிமீற்றர் என்று கொள்வர். கட்டட வேலைக்குரிய பருமணல் இதற்கு உதவாது. தீவகத்தாருக்கு வேறோர் எச்சரிக்கையும் உண்டு. கடற்கரை மணலிற் சிப்பி, சங்கு, பவளக்கல் ஆகியவற்றின் துகள் கலந்திருத்தல் இயல்பு. அவை கல்சியங் காபனேற்று. நாளடைவில் அவை நீரிற் கரைந்து, நீரின் வன்மையைக் கூட்டுவதுடன் படுகையிற் பொள்ளலையும் உண்டாக்கும். ஒரு பிடி மணலில் ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தைச் சில துளி விட்டு, நுரைத்தெழுகின்றதா என்று பார்க்க. அமிலம் கிடையாவிடின் எலுமிச்சஞ்சாறும் ஓரளவு காட்டிக்கொடுக்கும். நுரைக்கும் மணலை விலக்குக. தெரிந்தெடுத்த மணலைக் கழுவுநீர் தெளியும் வரை கழுவிய பின்னரே இடல் வேண்டும்.

படலம் தடித்து நீர் வடிவது குறையும்போது துப்புரவு செய்தல் வேண்டும். நீரின் கலங்கலுக்கேற்ப ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இது நேரும். நீர்மட்டத்தை மணலுக்குச் சற்றுக் கீழே இறக்கி, தட்டை மண்வெட்டியால் மேல் மணலை ஒன்று அல்லது இரண்டு சென்ரிமீற்றர் மட்டும் வழித்தெடுத்து, வடித்த நீரைக் கீழிருந்து மெதுவாக ஏற்றி மணலிடை அகப்பட்ட காற்றை வெளியேற்றுக. மீண்டும் இயங்கத் தொடங்கியபின் முதல் ஓரிரு நாள் நீரைக் குடிக்காது விடுக. எனவே இரு தாங்கிகள் இருத்தல் இன்றியமையாதது. ஒன்று ஓய்ந்திருக்க மற்றது ஊரைக் காக்கும். வெயில் நேரே பட்டால் அல்கா மிகுந்து படுகையை விரைவில் அடைக்குமாதலின், மேலே கிடுகுக் கூரையொன்று போடுதல் நன்று.

உப்பு நீங்குமா?

தீவகத்தார் முதலிற் கேட்பது இவ்வினாவையே. நீங்காது என்பதே நேரிய விடை. வடிதாளிற் கரையாப் பொருள் தங்கும், கரைந்த பொருள் கடந்து செல்லும் என்னும் ஆய்வுகூடப் பாடம் இங்கும் பொருந்தும். சவர்க்கிணற்றின் நீரை எத்துணை மணலில் வடித்தாலும் சவர் சவராகவே வரும். உரத்தாலும் மலக்குழியாலும் சேரும் நைத்திரேற்றும் அவ்வாறே.

ஆகவே நன்னீரைக் காத்தலே முதற் கடமை. நம் சுண்ணக்கல் நிலத்திலும் மணல் நிலத்திலும் மழைநீர், கனத்த கடல்நீரின் மேல் வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. கடல்நீர் நன்னீரிலும் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு அடர்த்தி கூடியது. எனவே கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் இருக்கும். மேலே ஓரடி குறையின் கீழிருந்து உவர்நீர் நாற்பதடி ஏற இடமுண்டு. துலாவால் இறைத்த காலத்தில் மனிதனின் கைச்சோர்வே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. எந்திரத்துக்கோ சோர்வில்லை. வேலணைச் சாட்டியிலும், அல்லைப்பிட்டி, மண்கும்பான் மணற்பகுதிகளிலும் உள்ள நன்னீரை அளவறிந்து எடுத்தல் வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் எந்திரங்களும் நம் பகுதிக்கு வந்துவிட்டன. வடமராட்சிக் கிழக்கின் தாளையடியிற் பெரிய நிலையமொன்று 2024இல் திறக்கப்பட்டது. அவை வேண்டற்பாலனவே. எனினும் அவை மின்சாரத்தையும் வெளியூர் உதிரிப்பாகங்களையும் நம்பியிருப்பவை. ஊரார் கையிலேயே இருக்கும் ஒரு துணைவழி இருத்தல் அறிவுடைமை.

ஒரு கணக்கு

நூறு குடும்பங்கள், நானூறு பேர், ஆளுக்கு நாளொன்றுக்குக் குடிக்கவும் சமைக்கவும் பத்து லீற்றர் எனக் கொள்வோம். வேண்டிய நீர் நாளுக்கு 4,000 லீற்றர். மணிக்கு 100 மில்லிமீற்றர் வேகத்தில் ஒரு சதுர மீற்றர் மணல் 100 லீற்றரை, அஃதாவது நாளுக்கு 2,400 லீற்றரைத் தரும். எனவே இரண்டு சதுர மீற்றர் மணலே ஊருக்குப் போதும். ஒரு கட்டிலின் அளவுள்ள தாங்கி இரண்டு கட்டினாற் காரியம் முடிந்தது.

இனிக் குளத்தைப் பார்க்க. மாசி முதல் எட்டு மாதங்களை 240 நாளாகக் கொண்டால், வேண்டிய நீர் 960 கன மீற்றர். முப்பது மீற்றர் நீளமும் முப்பது மீற்றர் அகலமும் உள்ள குளத்தில் இஃது ஒரு மீற்றருக்குச் சற்று மேற்பட்ட ஆழம். வெயில் உறிஞ்சும் நீர் இன்னும் ஒரு மீற்றருக்கு மேலாகும். கசிவையும் சேற்றையும் சேர்த்தால், மூன்று மீற்றர் ஆழத்துக்குத் தூர்வாரிய, கால்நடை இறங்காத, களியிட்ட குளம் வேண்டும். ஆகவே அரியது வடிதாங்கியன்று, குளமே. 1990களின் இடப்பெயர்வால் தீவகத்திற் பல வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. ஆளில்லாத ஊரிற் குளம் தூர்ந்துபோதல் வியப்பன்று. ஆட்கள் மீண்ட ஊரிலும் தூர்ந்தே கிடத்தல்தான் வருந்தத்தக்கது.

தனிவீட்டுக்கு வேறு வழியுண்டு. மழை ஆண்டுக்கு 1,000 மில்லிமீற்றர் என்று குறைத்துக் கணித்து, ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று விட்டாலும், ஐம்பது சதுர மீற்றர் ஓட்டுக்கூரை 40,000 லீற்றரைத் தரும். நால்வருள்ள குடும்பத்துக்குக் கோடை முழுவதும் குடிக்கவும் சமைக்கவும் 9,600 லீற்றர் போதும். பீலியும், முதல்மழையை வெளியே விடும் வழியும், மூடிய சீமெந்துத் தாங்கியும், வாயகன்ற பீப்பாவில் அமைத்த சிறு மணல் வடியும் இருப்பின் அவ்வீடு பவுசரை எதிர்பார்த்து நிற்கவேண்டியதில்லை.

பிறர் தரும் பாடம்

நிலத்தடி நீர் உவர்த்த இராமநாதபுர மாவட்டத்தில், ஊருணியின் கரையில் மணல் வடிதாங்கி அமைத்துக் குடிநீர் பெறும் கிராமங்கள் உண்டு. வங்காளதேசத்தின் தென்கரையிலும், கைப்பம்பினால் குளத்து நீரை ஏற்றி மணலில் வடிக்கும் முறை 1980கள் முதற் பரவியது. அவற்றுட் பல நன்கு பயன்பட்டன, பல கைவிடப்பட்டன. மணல் வழிக்க ஆளில்லாமையும், குளம் மாசுற்றமையும், கோடையில் வற்றியமையும் கைவிட்டதற்குரிய முக்கிய காரணங்கள். கட்டுவதற்குப் பணம் கொடுப்போர் பலர். மூன்று மாதத்துக்கொருமுறை மண்வெட்டி பிடிப்போர் சிலரே.

எனவே சுருவில் போன்ற ஊரில் இதனைத் தொடங்குவோர் முதலில் சீமெந்து வாங்கவேண்டியதில்லை. குளத்துக்கு வேலியும், தாங்கிக்கு ஒரு காவலரும், துப்புரவு செய்த நாளையும் வடிந்த அளவையும் எழுத ஒரு குறிப்பேடும் முதலில் வேண்டும். சனசமூக நிலையம் இப்பொறுப்பை ஏற்றல் தகும். நீரைச் சோதிக்கும் பணியை நம் கல்லூரி மாணவர் ஏற்கலாம். ஆய்வுகூடத்தில் ஒரு பீப்பாவும் ஒரு மீற்றர் மணலும் வைத்து, வாரந்தோறும் உள்நீரையும் வடிநீரையும் ஒப்பிட்டுப் பார்க்கும் மாணவன், படலம் முதிர முதிர நீர் தூயதாவதைத் தன் கண்ணாற் காண்பான். சோதனையில் ஐயம் எழும் நாளில் கொதிக்கவைத்தோ குளோரினிட்டோ குடிக்குமாறு ஊராருக்குச் சொல்லவும் அவனாலேயே முடியும்.

தீவகத்திலிருந்து இக்கல்லூரிக்கு வந்து கற்று, உலகின் பல திசைகளிலும் உயர்ந்து வாழும் பழைய மாணவர் பலர். யூபிலி நாளில் பிறந்த ஊருக்குச் செய்யத்தக்கது யாது என வினவுவோர்க்கு நம் விடை இது: ஒரு குளத்தைத் தூர்வாருங்கள், அதன் கரையில் இரு தாங்கிகளைக் கட்டுங்கள், அவற்றைப் பேணுவோனுக்கு ஆண்டுதோறும் சம்பளம் கிடைக்க வழிசெய்யுங்கள். இம்மூன்றனுள் இறுதியானதே முதன்மையானது.