ஸ்காட்லாந்தில் உள்ளூர்க்காரர்களுடன் நட்பு கோல்ஃப்: சில குறிப்புகள்

செயின்ட் ஆண்ட்ரூஸ் போகிறீர்களா? உள்ளூர்க்காரர்களோடு ஒரு நட்பு ஆட்டம் ஆடாமல் திரும்பாதீர்கள். அதற்கு முன் இவற்றைக் கவனியுங்கள்:

* பழைய மைதானமான ஓல்ட் கோர்ஸ் வழக்கமாக ஞாயிறன்று மூடியிருக்கும். அன்று ஊர் மக்கள் அங்கே நடைபயில்வார்கள். ஆட்டத்தை வேறு நாளில் வையுங்கள்.

* ஹேண்டிகேப் சான்றிதழை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். பையில் 14 மட்டைகளுக்கு மேல் வேண்டாம்.

* ஜோடிக்கு ஒரு விருந்தினர், ஒரு உள்ளூர்க்காரர் எனப் பிரித்துக்கொண்டால் பேச்சும் பழக்கமும் தானாக வளரும்.

* யாருக்கு எத்தனை ஸ்ட்ரோக் சலுகை என்பதை முதல் டீயிலேயே பேசி முடித்துவிடுங்கள். பாதியில் பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

* ஓல்ட் கோர்ஸில் ஏழு கிரீன்கள் இரட்டைக் கிரீன்கள்; அதாவது, ஒரே கிரீனில் இரண்டு குழிகள் இருக்கும். போகும்போது ஆடும் குழிக்கு வெள்ளைக் கொடி, திரும்பும்போது சிவப்பு. கொடியின் நிறம் பார்த்து அடியுங்கள்.

* கடற்காற்று பலமாக வீசும். பந்தை உயரத் தூக்காமல் தரையோடு உருட்டிவிடும் உள்ளூர் உத்தியைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

* தொலைந்த பந்தைத் தேட விதிப்படி 3 நிமிடம்தான். உங்கள் முறை வருமுன் தயாராக நில்லுங்கள்.

* பந்து யார் பக்கமாவது பறந்தால் உடனே 'ஃபோர்!' என்று உரக்கக் கத்துங்கள்.

* மணல் பங்கரில் உங்கள் கால்தடத்தை ரேக்கால் சமன்செய்துவிட்டு வெளியே வாருங்கள்.

* கடைசிக் குழி முடிந்ததும் தொப்பியைக் கழற்றி எல்லோரிடமும் கைகுலுக்குங்கள். வெற்றி தோல்வியைவிட அந்த மரியாதைதான் உங்களுக்கு அடுத்த அழைப்பைப் பெற்றுத்தரும்.