அண்ட செல் முதிர்ச்சியும் ஆற்றல் வளர்சிதை மாற்றமும்: முக்கியக் குறிப்புகள்

அடிப்படை

• பாலூட்டிகளின் முதல்நிலை அண்ட செல், குன்றல் பகுப்பின் முதலாம் புரோபேஸில் (டிப்ளோட்டீன் நிலை) நின்றுவிடும். மனிதரில் இந்த நிறுத்தம் தாயின் கருப்பையில் இருக்கும்போதே தொடங்குகிறது.
• அண்டவிடுப்புக்கு முன் எல்எச் ஹார்மோன் உச்சம் அடையும்போது பகுப்பு மீண்டும் தொடங்கும்.
• வரிசை: உட்கரு உறை சிதைதல் → கதிர்க்கோல் உருவாதல் → முதல் துருவ செல் வெளியேறுதல் → இரண்டாம் மெட்டாஃபேஸில் மீண்டும் நிறுத்தம். விந்து செல் நுழைந்த பிறகே பகுப்பு நிறைவடையும்.
• விதிவிலக்கு: நாயில் முதல்நிலை அண்ட செல்லே வெளியேறும், அண்டநாளத்தில்தான் முதிரும்.
• கதிர்க்கோல் அமைத்தல், குரோமோசோம்களை நகர்த்துதல், துருவ செல்லைப் பிரித்தல், புரதம் தயாரித்தல் அனைத்துக்கும் ஏடிபி தேவை.

முதன்மை எரிபொருள்: பைருவேட்

• அண்ட செல்லில் பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் நொதியின் செயல்பாடு குறைவு. எனவே குளுக்கோஸை அதனால் நேரடியாக அதிகம் பயன்படுத்த முடியாது.
• சுற்றியுள்ள கியூமுலஸ் செல்கள் கிளைக்காலிசிஸ் மூலம் குளுக்கோஸைப் பைருவேட்டாக மாற்றித் தருகின்றன; சமைத்த சோறுதான் அண்ட செல்லுக்கு வந்து சேர்கிறது.
• அந்தப் பைருவேட் அண்ட செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் கிரெப்ஸ் சுழற்சிக்குள் நுழைந்து, ஆக்சிஜனேற்ற பாஸ்பரிகரணம் வழியாக ஏடிபி தருகிறது.
• 1967: பிக்கர்ஸ், விட்டிங்ஹாம், டோனாஹூ. கியூமுலஸ் நீக்கிய சுண்டெலி அண்ட செல், பைருவேட் உள்ள ஊடகத்தில் முதிர்ந்தது. குளுக்கோஸ் மட்டும் உள்ள ஊடகத்தில் முதிரவில்லை.

கியூமுலஸ் செல்களில் குளுக்கோஸின் வழிகள்

• கிளைக்காலிசிஸ்: பைருவேட், லாக்டேட்.
• பென்டோஸ் பாஸ்பேட் வழி: என்ஏடிபிஎச், நியூக்ளியோடைடுகளுக்கான ரைபோஸ். குளூட்டத்தயோனை ஒடுக்க நிலையில் வைக்க என்ஏடிபிஎச் உதவுகிறது.
• ஹெக்சோசமைன் வழி: ஹயலூரோனிக் அமிலம். கியூமுலஸ் விரிவடைதலுக்குக் காரணம் இதுவே.

இருவழித் தொடர்பு

• கியூமுலஸ் செல்களின் நீட்சிகள் அண்ட செல்லின் வெளியுறையான சோனா பெல்லுசிடாவைத் துளைத்து அண்ட செல்லைத் தொடுகின்றன. அங்குள்ள இடைவெளிச் சந்திப்புகளின் முக்கியப் புரதம் கனெக்சின் 37. பாலிக்கிளின் (அண்ட செல்லைச் சூழ்ந்த நுண்பை) கிரானுலோசா செல்களுக்கு இடையில் கனெக்சின் 43.
• அண்ட செல் வெறுமனே வாங்கிக்கொள்வதில்லை. அது சுரக்கும் ஜிடிஎஃப்-9, பிஎம்பி-15 போன்ற காரணிகள் கியூமுலஸ் செல்களின் வளர்சிதை மாற்றத்தை நெறிப்படுத்துகின்றன.

நிறுத்தமும் விடுவிப்பும்

• அண்ட செல்லில் சைக்ளிக் ஏஎம்பி மிகுந்தால் நிறுத்தம். குறைந்தால் பகுப்பு தொடரும்.
• கிரானுலோசா செல்களிலிருந்து வரும் சைக்ளிக் ஜிஎம்பி, சைக்ளிக் ஏஎம்பியைச் சிதைக்கும் பிடிஇ3ஏ நொதியைத் தடுத்து சைக்ளிக் ஏஎம்பியைக் காக்கிறது. எல்எச் உச்சத்தால் சைக்ளிக் ஜிஎம்பி குறைய, அத்தடை நீங்குகிறது.
• 1935: பின்கஸ், என்ஸ்மன். பாலிக்கிளிலிருந்து வெளியே எடுத்த முயல் அண்ட செல், ஹார்மோன் இன்றித் தானே பகுப்பைத் தொடர்ந்தது.

கொழுப்பும் மைட்டோகாண்ட்ரியாவும்

• பீட்டா ஆக்சிஜனேற்றமும் ஏடிபி தருகிறது. பன்றி, மாட்டின் அண்ட செல்களில் கொழுப்புத் துளிகள் மிகுதி (கருமையாகத் தெரியும்), சுண்டெலியில் குறைவு.
• முதிர்ந்த அண்ட செல்லில் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ நகல்கள் ஒரு லட்சத்தைத் தாண்டும். இவை தாய்வழியே மரபாகும்.

குழப்பும் இடங்கள்

• ஏஎம்பிகே (செல்லின் ஆற்றல் நிலையை உணரும் நொதி) தூண்டப்பட்டால்: சுண்டெலியில் பகுப்பு தொடங்கும், மாடு, பன்றியில் தடைபடும்.
• “அண்ட செல்லின் முதன்மை எரிபொருள் குளுக்கோஸ்” என்ற கூற்று தவறு. குளுக்கோஸை எடுப்பது கியூமுலஸ். பைருவேட்டை எரிப்பது அண்ட செல்.