காரியவட்டத்தில் ஒரு மாலை

தேயிலைத் தோட்ட வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர் என் தாத்தா. நான் வித்துராவில் பிறந்து வளர்ந்தவன். வீட்டில் தமிழ், படி இறங்கினால் மலையாளம். சிறுவயதில் என் பேச்சைக் கேட்டு உடன் படித்த சிலர் நகைத்தனர். அன்றிலிருந்து நாலு பேர் கூடும் இடத்தில் தமிழில் வாய் திறப்பதில்லை.

2016ஆம் ஆண்டு சனவரி 3, ஞாயிற்றுக்கிழமை. அப்போது நான் திருவனந்தபுரத்தில் கல்லூரி மாணவன். காரியவட்டம் விளையாட்டரங்கில் தெற்காசியக் கால்பந்துக் கோப்பையின் இறுதியாட்டம். இந்தியாவும் ஆப்கானித்தானும் மோதின. 2013இல் காத்மாண்டுவில் நடந்த இறுதியாட்டத்தில் ஆப்கானித்தான் இந்தியாவை 2-0 என்று வென்றிருந்தது. அந்தத் தோல்வியை அரங்கில் ஒருவரும் மறக்கவில்லை.

என் பக்கத்து இருக்கையில் ஓர் ஆப்கானிய மாணவர். இந்தியாவுக்குப் படிக்க வந்தவர். தோளில் தம் நாட்டுக் கொடியைப் போர்த்தியிருந்தார். ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தேன்.

"எங்கள் ஆட்டக்காரர்களில் பலர் செருமனி போன்ற நாடுகளில் வளர்ந்தவர்கள். போருக்கு அஞ்சி வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். ஆனாலும் ஆட வருவது எங்கள் நாட்டுக்காக" என்றார்.

முற்பாதியில் இரு பக்கமும் கோல் இல்லை. எழுபதாம் நிமிடத்தில் சுபைர் அமிரி பந்தை வலைக்குள் செலுத்தினார். அரங்கம் அடங்கிப்போயிற்று. பக்கத்திலிருந்தவர் மட்டும் எழுந்து, தம் மொழியில் உரக்கக் கூவினார். சுற்றிலும் ஆயிரமாயிரம் பேர். அவரிடம் கூச்சம் துளியும் இல்லை. எனக்கு அது வியப்பாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

இரண்டே நிமிடம். மிசோரத்து வீரர் ஜெஜெ லால்பெக்லுவா கோல் அடித்துச் சமன் செய்தார். என்னையறியாமல் துள்ளி எழுந்தேன்.

"அடிச்சுட்டாம்ல!"

எங்கள் வீட்டுத் தமிழ், அதுவும் தாத்தாவின் தமிழ்! முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். நகைப்பாரோ என்று உள்ளம் படபடத்தது. அவரோ கையை நீட்டி என் கையைக் குலுக்கிவிட்டு ஆட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இது என்ன மொழி?" என்று ஆப்கானிய மாணவர் கேட்டார்.

"தமிழ்" என்றேன். முன்பின் அறியாத ஒருவரிடம் நான் அதைச் சொன்னது அதுவே முதல் முறை.

ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. நூற்றோராம் நிமிடத்தில் சுனில் சேத்ரி அடித்த கோலால் இந்தியா 2-1 என்று கோப்பையை வென்றது. சுற்றிலும் பெருமுழக்கம். பக்கத்திலிருந்தவர் கொடியை மெல்ல மடித்தார். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இருவரும் பேருந்து நிறுத்தம் வரை சேர்ந்து நடந்தோம்.

வழியில் அவரே கேட்டார்: "பந்துக்குத் தமிழில் என்ன சொல்?"

"பந்து. உங்கள் மொழியில்?"

"தோப்."

எங்கள் ஊர்த் தென்னந்தோப்பு நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். காரணத்தைச் சொன்னதும் அவரும் சிரித்தார்.

சொற்பொருள்
சீமை – நாட்டுப்பகுதி
நகைத்தல் – சிரித்தல், ஏளனம் செய்தல்
கூடுதல் நேரம் – சமநிலையில் முடிந்த ஆட்டத்துக்குச் சேர்த்துத் தரப்படும் முப்பது நிமிடம்

பயிற்சி
1. ஆப்கானிய மாணவரிடம் ஆசிரியர் பொறாமை கொண்டது ஏன்?
2. "அடிச்சுட்டாம்ல" என்பதை எழுத்துத் தமிழில் எழுதுக.
3. உங்கள் வீட்டில் மட்டும் வழங்கும் தமிழ்ச் சொற்கள் ஐந்தினைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுக.