பகல் தூக்கத்துக்கு மார்க் போடுங்கள்

ராத்திரி குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறல், மறுநாள் மில்லில் தூங்கி வழிவது. இதை வேலைக் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள், ஸ்லீப் ஆப்னியாவாக இருக்கலாம். பகல் தூக்கத்தை அளக்க ஆஸ்திரேலிய டாக்டர் மர்ரே ஜான்ஸ் 1991-ல் வெளியிட்ட எப்வொர்த் கேள்வித்தாள் இருக்கிறது. டிவி பார்க்கும்போது, பயணத்தில் என்று எந்தெந்த நேரத்தில் கண் அசரும் என எட்டுக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் டாக்டரைப் பாருங்கள்.

செய்ய வேண்டியவை

• இன்றைக்கே நிரப்புங்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

• வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டிவி முன்னால் கண் அசந்தது உங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

• சமீப காலத்து வழக்கத்தைச் சொல்லுங்கள். நேற்று கல்யாண வீட்டில் கண்விழித்தது கணக்கில் வராது.

• பயணக் கேள்விக்கு உங்கள் பஸ்ஸையே நினைத்துப் பாருங்கள். ராஜபாளையத்தில் மதுரை பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் தலை சாய்ந்துவிடுகிறதா? எப்போதும் அப்படித்தான் என்றால் 3 போடுங்கள்.

• நைட் ஷிப்ட் பார்ப்பவர் அதையும், சாப்பிடும் மாத்திரைகளையும் தாளிலேயே எழுதுங்கள். தூக்கக் குறைவும் சளி, அலர்ஜி மாத்திரையும் மார்க்கை ஏற்றிவிடும்.

• டாக்டரிடம் ஸ்லீப் ஸ்டடி பற்றிக் கேளுங்கள். கேள்வித்தாள் பகல் தூக்கத்தைத்தான் அளக்கும். மூச்சு மணிக்கு எத்தனை தடவை தடைபடுகிறது என்று அந்தப் பரிசோதனைதான் சொல்லும். 30-ஐத் தொட்டால் தீவிரம்.

செய்யக்கூடாதவை

• மார்க் குறைவு என்று நிம்மதி அடையாதீர்கள். ராத்திரி பலமுறை மூச்சு நின்றும் பகலில் தூக்கமே தெரியாதவர்கள் நிறையப் பேர். திணறி எழுகிறீர்கள் என்றால் மார்க் எதுவானாலும் போய்க் காட்டுங்கள்.

• வண்டி ஓட்டுகிறவர் மார்க்கைக் குறைத்துப் போடாதீர்கள். வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் கொல்லம்–திருமங்கலம் சாலையில் ஒரு நொடி கண் மூடினால், எதிரே வருகிறவரின் உயிரும் சேர்ந்தே போகும்.

• ரயில்வே கேட்டில் நிற்கும்போது பின்னால் ஹாரன் அடித்துத்தான் விழிக்கிறீர்கள் என்றால், சிகிச்சை தொடங்கிச் சரியாகும்வரை ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். டீயும் பாட்டும் காப்பாற்றாது.

• நன்றாகத் தூங்கலாம் என்று மதுவையோ தூக்க மாத்திரையையோ நாடாதீர்கள். தொண்டைத் தசை இன்னும் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும்.

• மூச்சுப்பாதை அடைபடாமல் காற்றைச் செலுத்தும் சிபாப் மெஷின் வைத்து மார்க் இறங்கியதும் அதைப் பரணில் ஏற்றாதீர்கள். போட்டுக்கொண்ட ராத்திரிக்குத்தான் பலன்.