‘டெர்த்’ என்னும் சொல்

ஆங்கிலக் கட்டுரைகளில் ‘டெர்த்’ என்றொரு சொல் அவ்வப்போது தலைகாட்டும். அகராதியைப் புரட்டினால் ‘பற்றாக்குறை, பஞ்சம்’ என்று பொருள் கிடைக்கிறது. அத்துடன் அகராதியை மூடிவிடுவது நம்மிற் பலருக்கு வழக்கம். இச்சொல்லுக்கு அது போதாது.

‘டியர்’ என்னும் சொல்லை அறியாதார் இலர்; கடிதத் தொடக்கத்தில் எழுதுகிறோம். அதற்கு ‘அன்புக்குரிய’ என்பதோடு ‘விலை மிகுந்த’ என்ற பொருளும் உண்டு. ‘ட்ரூ’ என்பதினின்று ‘ட்ரூத்’ பிறந்தாற்போல, ‘டியர்’ என்பதினின்று பிறந்ததே ‘டெர்த்’. உணவு குறைந்தால் விலை ஏறும். ஆதலின் விலையருமையைச் சுட்டும் சொல் உணவுப் பஞ்சத்திற்கும், பின்னர்ப் பிற குறைவுகளுக்கும் ஆயிற்று. நம் தமிழிலோ, ‘அருமை’ என்ற ஒரே சொல் எளிதிற் கிட்டாமையையும் குறிக்கிறது. ‘அருமை மகள்’ என்னுமிடத்து அன்பையும் குறிக்கிறது. தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே வழியில் நடந்திருப்பது வியப்பன்றோ?

இப்பொருளை அகராதியின்றியே கற்றவர்கள் நம் தோட்டத்து முன்னோர். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கிற்று. அதற்கு முன் இந்நாட்டார் உண்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. போரினால் அவ்வரவு குன்றியது. மரவள்ளிக் கிழங்கே பல குடும்பங்களுக்குச் சோறாயிற்று. ஜப்பானியர் அச்சிட்ட பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் இருந்தமையால் மக்கள் அப்பணத்தை ‘வாழைமர நோட்டு’ என்றனர். அது பெருகப் பெருக அரிசியின் விலையும் ஏறிக்கொண்டே போயிற்று. 1945இல் போர் முடிந்ததும் அந்நோட்டு வெறுங் காகிதமாயிற்று.

இனி வழக்கைக் காண்போம். இச்சொல்லுக்கு முன் ‘எ’யும் பின் ‘ஆவ்’வும் வரும்: ‘எ டெர்த் ஆவ் ரைஸ்’. பூமியைக் குறிக்கும் ‘எர்த்’ போல ஒலிக்க வேண்டும். ‘டெத்’ என்று சொல்லிவிட்டால் சாவாகிவிடும்! பொட்டலச் சமையல் எண்ணெய் இரண்டு நாள் கடையில் இல்லையெனில் ‘ஷார்ட்டேஜ்’ என்பதே போதும். ‘டெர்த்’ சற்று ஏட்டு நடைக்குரியது. சான்று, புதுக்கருத்து, திறமை போன்ற கண்ணுக்குப் புலனாகாதவற்றின் குறைவுக்கும் நன்கு பொருந்தும்.

‘தைப்பிங்கில் மழைக்கு டெர்த்’ என்று எழுதினால் இலக்கணம் பிழையன்று, செய்திதான் பிழை. தீபகற்ப மலேசியாவில் மிகுந்த மழை பெறும் ஊர்களுள் நம் ஊர் முதன்மையானது.

மற்றொரு வாக்கியம் எழுதுவதற்கு நமக்கே மனம் வரவில்லை, எனினும் எழுதுகிறோம். ரப்பர்க் காடுகள் செம்பனைக்கு மாறின; குடும்பங்கள் நகரங்களை நாடின. 150 மாணவருக்கும் குறைவாக உள்ள பள்ளிகளைக் கல்வி அமைச்சு ‘குறைந்த மாணவர் பள்ளி’ என வகைப்படுத்துகிறது. பேராக்கின் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல அப்பட்டியலில் உள்ளன. அங்கே ‘எ டெர்த் ஆவ் பியூப்பில்ஸ்’ என்பது இலக்கணப்படியும் சரி, செய்திப்படியும் சரி.