பர்சேஸ்: வாங்குகிறோமா, துரத்துகிறோமா?

 



பெருநாள் நெருங்கினால் “பர்சேஸ் முடிஞ்சுதா?” என்பதுதான் நம் வீடுகளில் முதல் கேள்வி. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதிலேயே நமக்கு ஒரு படிப்பினை இருக்கிறது.

துரத்திப் பிடித்தல்

வாங்குவதற்கு ‘பை’ என்ற சொல் ஆங்கிலத்தில் முன்பே இருந்தது. 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சு மொழி அங்கே அரசவைக்கும் நீதிமன்றத்துக்கும் வந்தது. அந்த வழியில் நுழைந்ததுதான் ‘பர்சேஸ்’. அதன் பின்பாதியான ‘சேஸ்’ என்றால் துரத்துதல், வேட்டையாடுதல். ஒன்றை விடாமல் தேடித் துரத்தி அடைவதே இதன் ஆதிப் பொருள். காசு கொடுத்து வாங்குவது என்ற பொருள் பிறகு வந்தது.

கொடுத்துப் பெறுதல்

அரபியில் இதற்கு ‘ஷிரா’ என்பார்கள். இந்த வேர்ச்சொல்லுக்கு வாங்குதல், விற்றல் இரண்டு பொருளும் உண்டு. இப்படி எதிரெதிர் பொருள் தரும் சொற்களை மொழி அறிஞர்கள் ‘அள்தாத்’ என்கிறார்கள். சூரா யூசுஃபில் பாருங்கள். 20-வது ஆயத்தில் யூசுஃப் (அலை) அவர்களை அற்ப விலைக்கு விற்றதற்கும், 21-வது ஆயத்தில் மிஸ்ரில் ஒருவர் அவர்களை வாங்கியதற்கும் ஒரே வேர்ச்சொல்தான் வருகிறது.

அன்பானவர்களே! வாங்குகிற ஒவ்வொருவரும் எதையோ விற்கிறார். நாம் எதை விற்கிறோம்?

தவணையில் வாங்குவதே தவறு என்று மார்க்கம் சொல்லவில்லை. ஆனால் ஆசைப்பட்ட செல்போனுக்காக வட்டிக்குக் கையெழுத்துப் போடுகிறவர், பொருளோடு சேர்த்துத் தன் நிம்மதியையும் பரக்கத்தையும் விற்றுவிடுகிறார். கடனிலிருந்து நபி (ஸல்) அவர்கள் தொழுகையிலேயே பாதுகாப்புத் தேடினார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, கடன்பட்டவர் பேசினால் பொய் சொல்லவும், வாக்குக் கொடுத்தால் மீறவும் நேரிடுகிறது என்று விளக்கினார்கள். கடன்காரரின் போனைக் கண்டதும் “வீட்டில் இல்லை என்று சொல்” எனப் பிள்ளையிடம் கொடுக்கிறோமே, அங்கே விற்கப்படுவது யாருடைய ஈமான்?

ஒருமுறை ஜாபிர் (ரலி) அவர்கள் இறைச்சி வாங்கி வந்தார்கள். ஆசையாக இருந்தது, வாங்கினேன் என்றார்கள். ஆசைப்பட்டதையெல்லாம் வாங்கிவிடுவீரா என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டார்கள். இறைச்சி ஹலால்தான். ஆசைக்குப் பின்னால் ஓடும் பழக்கத்தைத்தான் உமர் (ரலி) கண்டித்தார்கள்.

லாபமான வியாபாரம்

ஸுஹைப் அர்ரூமி (ரலி) அவர்கள் ஹிஜ்ரத் புறப்பட்டபோது குறைஷிகள் வழிமறித்தார்கள். சேர்த்த செல்வம் முழுவதையும் அவர்களிடம் விட்டுவிட்டு மதீனா வந்து சேர்ந்தார்கள். அந்த வியாபாரம் லாபமானது என்று நபி (ஸல்) அவர்கள் வாழ்த்தினார்கள். முஃமின்களின் உயிரையும் பொருளையும் சொர்க்கத்துக்குப் பகரமாக அல்லாஹ்வே வாங்கிக்கொண்டதாக சூரா தவ்பாவின் 111-வது ஆயத் கூறுகிறது. அல்லாஹ்விடம் விற்றுவிட்டதை ஷைத்தானிடம் மறுபடி விற்கலாமா?

கடைக்குப் போகுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது தேவையா? இதற்காக நான் எதைக் கொடுக்கிறேன்?

ஹலாலான ரிஜ்கையும், போதுமென்ற மனதையும், கடனில்லா வாழ்வையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.