அயல்நாட்டார் துயரில் படையின் பணி

கடலுக்கு வெகு தொலைவில், திண்டுக்கல் சமவெளியில் உள்ளது எங்கள் அகரம். படை என்றால் எல்லைக் காவல் என்றே இங்கு பலரும் பேசக் கேட்டிருக்கிறேன். படைக்கு வேறொரு பணியும் உண்டு. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினம் முதலிய நம் கரையோர ஊர்களைச் சூறையாடியது. நமக்கே பெருந்துயர் நேர்ந்த அந்நிலையிலும், இந்தியக் கடற்படை இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் உதவிக்கு விரைந்தது. கடலாய்வுக் கப்பலான ஐ.என்.எஸ். நிருபக், மருத்துவமனைக் கப்பலாக மாற்றப்பட்டு இந்தோனேசியா சென்றது.

இப்பணிக்குப் படை ஏன்? பேரழிவு முதலில் பறிப்பவை பாலம், சாலை, துறைமுகம், குடிநீர். கப்பல், ஹெலிகாப்டர், மருத்துவர், பொறியாளர் ஆகிய அனைத்தையும் ஒரே கட்டளையில் திரட்டும் ஆற்றல் படைக்கு உண்டு.

ஆயினும், அயல்நாட்டுச் சீருடை அச்சத்தையும் தரக்கூடும். 1987இல் இலங்கை சென்ற இந்திய அமைதிப்படை போரில் சிக்கி, 1990இல் திரும்பியது. அந்நினைவு மாறாத தீவுக்கே 2004இல் நம் வீரர்கள் உணவும் மருந்தும் கொண்டு சென்றனர்.

1994இல் உருவாகிப் பின்னர் திருத்தப்பட்ட ஆஸ்லோ நெறிமுறைகளின் சாரமும் இதுவே: துயருற்ற நாட்டின் இசைவு வேண்டும், பிற அமைப்புகளால் இயலாதபோதே படையை நாட வேண்டும், பொறுப்பு அந்நாட்டு அரசிடமே இருக்க வேண்டும்.

எனவே, அழைத்தபோது விரைந்து செல்வதும், பணி முடிந்ததும் காலந்தாழ்த்தாது திரும்புவதுமே படையின் உண்மையான உதவி என்பது என் துணிபு.